மீனம்பாக்கம் கோடு

தம்பிக்கு,

இங்கே நானும் வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். காலையில் கிளம்புவதற்கு மட்டும் இரண்டு பேருக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள், வயிற்றில் பிள்ளை உதைக்கிறதா, அந்தக் கனடாக் குளிரில் அவள் வாய்க்குப் பிடித்ததாக ஏதாவது கிடைக்கிறதா என்றெல்லாம் கேட்க நினைத்துத்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன் போனை எடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "நைனா, ஒரு டவுட்டு. எங்க வீட்டுலருந்து ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். பனி கொட்டிச்சின்னா பங்க்கெல்லாம் மூடிடுவான். ஷெட்டுல ஒரு கேன்ல டீசல் வச்சிகினு கீறேன், போன வருசம் புடிச்சது. மீதி ஆனதெல்லாம் அப்பப்போ அதுலயே ஊத்திகினு வரேன். கெடாம இருக்குமா? இல்லன்னா அவசரத்துக்கு வேற இன்னா ஊத்தலாம்?" என்று கேட்டாய். "ஆங்... அடுப்புல பால் கீதுபா, அப்பறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நாற்பது வருஷம் டீசல் வண்டி ஓட்டியவனிடம் மகன் டீசலைப் பற்றிக் கேட்கிறான், அவன் பதில் சொல்லாமல் ஓடுகிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உன் கேள்விக்குப் பதிலும் அந்தக் காரணமும் சேர்ந்ததுதான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பலகையைக்கூட நான் படித்ததில்லை. பக்கத்தில் நிற்கும் மரத்தையும் டீக்கடையையும் வைத்துத்தான் இது இன்ன ஊர் என்று கண்டுகொள்வேன். அதனால் பக்கத்து வீட்டு ஜெயசீலி எழுதுகிறாள். தாலுக்கா ஆபீஸ் வாசலில் ஊராருக்கு மனு எழுதிப் பழகிய கை. நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று எழுதிவிடுகிறாள். "ஏம்மா, எம் புள்ள இத்த படிச்சா யாரோ தாசில்தார் எழுதினாருன்னு நெனச்சிக்குவான்" என்றேன். "சும்மா சொல்லிகினு வாங்க பெரிப்பா. பேச்சு வேற, காயிதம் வேற" என்கிறாள். போனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய். நீ பேசினால் நான் நிறுத்திவிடுவேன். எழுதி முடித்ததும் ஜெயசீலி இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள்.

முதலில் பதில், ஏனென்றால் அது உன் வீட்டில் இருக்கும் இரண்டு உயிரைப் பற்றியது. ஷெட்டில் இருக்கும் அந்தக் கேனை நம்பாதே. டீசல் பார்க்க எண்ணெய் மாதிரி இருந்தாலும் பால் மாதிரிதான், வைத்தால் கெடும். நிழலில், மூடி இறுக்கி, கழுத்து வரை நிரப்பி வைத்தால் ஆறு மாதத்துக்குப் பயமில்லை. அரையும் குறையுமாக வைத்தால் மேலே இருக்கும் காற்று வியர்க்கும், அந்த வியர்வை உள்ளே சொட்டும். தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் பாசி மாதிரி கறுப்பாக ஒன்று வளரும். பழையதன் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போனால் புதியதும் பழையதாகிவிடும். சந்தேகம் வந்தால் அடியில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வை. கீழே ஒரு கோடு விழுந்தால் அந்தக் கேன் வண்டிக்கு ஆகாது. நல்ல டீசலாகவே இருந்தாலும் கேனை அசைக்காமல் தூக்கி, மேலாக ஊற்று, அடியில் கொஞ்சம் விட்டுவிடு. இன்னொன்று, காஷ்மீர் வரை போய் வந்த லாரிக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெயில் காலத்தில் பிடித்த டீசல் கடுங்குளிரில் கூழாகிவிடுமாம், குளிருக்கென்று தனி டீசல் விற்பார்களாம். உன் கேனில் இருப்பது எந்தக் காலத்தில் பிடித்தது என்று யோசித்துப் பார். மாதம் ஒருமுறை கேனை வண்டியில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாகப் பிடித்து வை. அதைவிட, டேங்க்கை எப்போதும் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே. டேங்க்கை விட நல்ல கேன் கிடையாது.

வேறு என்ன ஊற்றலாம் என்று கேட்டாயே, அது உனக்கே தெரிந்த கதை. சென்னையில் உன் முதல் இன்டர்வியூவுக்கு முந்தின நாள், டேங்கர் லாரிக்காரர்கள் ஸ்டிரைக். திருத்தணியிலும் இல்லை, அரக்கோணத்திலும் இல்லை. எல்லா பங்க்கிலும் கயிறு கட்டியிருந்தது. ரயிலில் போ என்றால், 'கோட்டு கசங்கிடும்' என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். உன் அம்மா கிறிஸ்துமஸ் முறுக்குக்கு வாங்கி வைத்திருந்த கடலை எண்ணெய்க் கேனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "கடலெண்ணெய ஊத்துனா ஓடும்னு அன்னிக்கு சொன்னீங்களே, ஊத்துங்க" என்றாள். "அது பேச்சுக்குச் சொன்னது ஞானம்" என்றேன். "அப்போ இத்தினி வருசமா எங்கிட்ட பேச்சுக்குத்தான் பேசிகினு இருந்தீங்களா?" என்றாள். டேங்க்கில் இருந்த கொஞ்சம் டீசலோடு எண்ணெயைக் கலந்து, இளக்கமாக இருக்க ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினேன். அம்பாசடரின் பழைய எஞ்சின், எதைக் கொடுத்தாலும் முணுமுணுத்துக்கொண்டே தின்னும். வழியெல்லாம் முறுக்கு வாசனை. பூந்தமல்லி சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, "இன்னா டிரைவரே, டிக்கில பஜ்ஜி போட்டுகினு வரியா? ரெண்டு மொளகா பஜ்ஜி குடு" என்றான். நீ கோட்டைப் போட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் சிரிப்பு என்றால் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம் பில்டர் அடைத்துக்கொண்டது, மாற்றினேன், அது உனக்குத் தெரியாது. மண்ணெண்ணெயை மட்டும் கலந்து ஓட்டி ஒருமுறை பம்ப்பையே சாகடித்தேன், அதுவும் தெரியாது. டீசலில் இருக்கும் வழவழப்பு மண்ணெண்ணெயில் இல்லை, உள்ளே எல்லாம் வறட்டு உரசல். உன் வண்டி கம்ப்யூட்டர் வைத்த வண்டி. அதில் கடலை எண்ணெயும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது, பார்த்திருக்கிறாய். உன் ஊர்க் குளிரில் எந்தச் சமையல் எண்ணெயும் அப்படித்தான் ஆகும். பெட்ரோலைக் கனவிலும் ஊற்றாதே. பதில் முடிந்தது. இனிமேல் காரணம்.

நீ கனடாவுக்குக் கிளம்பிய அன்று உன்னை மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டுப் பிற்பகலில் நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். உன் அம்மா முன் சீட்டில் ஏறவில்லை. நீ உட்கார்ந்து வந்த பின் சீட்டில், நீ உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். திருவள்ளூர் தாண்டியதும், "இன்னாங்க, டேங்குல எத்தினி டீசல் கீது?" என்றாள். "வீடு போய்ச் சேரும்" என்றேன். "அதுக்குக் கேக்கல. அவன் திரும்பி வர அன்னிக்கு நீங்க டீசல் இல்லன்னு பங்க்குல போய் நிக்கக் கூடாது. இன்னியிலருந்து சவாரிக்கு ஒரு டம்ளர் எடுத்து வைங்க. பிடி அரிசி மாரி" என்றாள். உனக்கு ஞாபகம் இருக்கும், தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக டப்பாவில் போட்டு, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "அரிசிய பிடிக்கலாம், டீசல எப்படிடி பிடிக்கறது?" என்று கேட்டேன். "ஊர்ல எவன் வண்டி நின்னாலும் டியூப்ப வாயில வச்சி உறிஞ்சிக் குடுக்கிறீங்களே, சொந்தப் புள்ளைக்கு உறிஞ்சக் கூடாதா?" என்றாள்.

அப்படியே செய்தேன். மலையடிவாரத்து ஸ்டாண்டிலிருந்து காவடிக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருப்பதி போய்த் திரும்பினால் ஒரு டம்ளர். அம்மையார்குப்பத்து நெசவுக்காரர்களைப் பெண் பார்க்கக் கூட்டிப்போய் வந்தால் ஒரு டம்ளர். அதே பழைய கடலை எண்ணெய்க் கேன்தான், வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே இருப்பது வெளியே தெரியும். உன் அம்மா அதைச் சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழே, வெயில் விழும் இடத்தில் வைத்துக்கொண்டாள். சமைக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். ஜெயசீலியிடம் சிவப்பு நகப்பாலிஷ் வாங்கி, கேனில் ஐந்து கோடு போட்டாள். அடியில் இருந்தது மீனம்பாக்கம். அதற்கு மேல் பூந்தமல்லி, திருவள்ளூர், கனகம்மாசத்திரம். கழுத்தில் திருத்தணி. டீசல் ஏற ஏற நீ வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தாய். சவாரி முடித்து வந்ததும், "உம் புள்ள இன்னிக்கு எங்க கீறான்?" என்று கேட்பேன். "பூந்தமல்லி சிக்னல்ல மாட்டிகினு கீறான், பஜ்ஜி வாங்கறான்" என்பாள். சில நாள் சவாரி கிடைக்காது. அன்றைக்கு, "புள்ள பட்டினியா நடு ரோட்ல நிக்கிறான், நீங்க இன்னாடான்னா ஸ்டாண்டுல சீட்டாடிட்டு வரீங்க" என்று ஏசுவாள்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த டம்ளரை அவள் கழுவிக் கொடுப்பாள். காணிக்கைப் பாத்திரம் போல, விளக்கி, அலசி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடுப்பாள். எனக்குத் தெரியும், டீசல் எடுக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது என்று. கேனை வெயிலில் வைக்கக்கூடாது, தினமும் திறக்கக்கூடாது, பாதியில் நிறுத்தி மழைக்காலத்தைத் தாண்டக்கூடாது, எல்லாம் தெரியும். அடுத்தவன் வண்டியாக இருந்தால் கத்தியிருப்பேன். ஒருமுறைதான் வாயைத் திறந்தேன். "தொடச்சிக் குடு ஞானம்" என்றேன். முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்து நீட்டினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, நம் பிள்ளை வர இன்னும் நாள் இருக்கிறது, வருவதற்குள் வடிகட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தொழில் தெரிந்தவன் தெரிந்தே விட்டான். தவறு அங்கே தொடங்கியது. அது அவளுடையது இல்லை.

அப்புறம் ஊரடங்கு வந்தது. காவடி இல்லாத ஆடிக்கிருத்திகையை நான் பார்த்தது அந்த ஒரு வருஷம்தான். ஸ்டாண்டில் நாய்கூட இல்லை. வண்டி மாதக்கணக்கில் வாசலிலேயே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனை இல்லாததால் வீட்டிலேயே ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஜெயசீலியைக் கூப்பிட்டு, வண்டியில் ஏற்றி நம் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்து, ஊசி போட்டு, இதயம், திருவள்ளூர் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் இன்னொரு நோயாளியோடு போயிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. காலமெல்லாம் டிரைவர், என் பெண்டாட்டியை இன்னொருவன் வண்டிக்காகக் காக்க வைப்பதா என்று நினைத்தேன். டீசல் காட்டும் முள் அடியில் கிடந்தது. ஞாயிறு முழு ஊரடங்கு, பங்க்கில் சங்கிலி. ஆனால் வீட்டில் உன் கேன் இருந்தது. திருவள்ளூர்க் கோட்டுக்கு மேலேயே இருந்தது. அவளை மறுபடியும் வண்டியில் ஏற்றி, வீட்டுக்குத் திருப்பினேன்.

உன் அம்மா பின் சீட்டில் ஜெயசீலி மடியில் தலை வைத்திருந்தாள். நான் கேனைத் தூக்கி வருவதைப் பார்த்துவிட்டாள். "அது பையனுதுங்க" என்றாள். "பையனுக்கு மறுபடியும் சேத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். பாதிக்கு மேல் போனதும், "அடில கொஞ்சம் வைங்க. மீனம்பாக்கம் கோடு வரிக்கும் வைங்க. தொடச்சி ஊத்தாதீங்க" என்றாள். பிடி அரிசி டப்பாவைச் சபைக்குக் கொட்டும்போதும் அடியில் ஒரு பிடி விட்டுத்தான் கொட்டுவாள், வெறும் டப்பாவாக வீட்டுக்கு எடுத்து வரமாட்டாள். அந்த நினைப்பில் சொன்னாள். "சும்மா கெட ஞானம். உசுரு போற நேரத்துல கோடு பாத்துகினு" என்றேன். ஒவ்வொரு சொட்டும் எனக்குச் சாலையாகத் தெரிந்தது. கேனைக் கவிழ்த்துப் பிடித்து, குலுக்கி, தட்டி, கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். மேலே இருந்தது நல்ல டீசல். தண்ணீரும் பாசியும் அடியில் இருந்தன. அவள் விடச் சொன்னது அந்த அடியைத்தான். அவளுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த நான் அவளைச் சும்மா கெட என்றேன்.

கனகம்மாசத்திரம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமியது. பெரிய புளியமரத்துக்கு எதிரே நின்றுவிட்டது. பில்டரைத் திறந்தேன். கிண்ணத்தில் தண்ணீர், அதன் மேல் கறுப்பாக, வழவழப்பாக, குளத்துப் பாசி போல. கொட்டினேன், துடைத்தேன், கைப்பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்றினேன், கிளப்பினேன். கூப்பிடு தூரம் ஓடி நின்றது. மறுபடியும் அதே வேலை. மறுபடியும் நின்றது. சாலையில் ஒரு வண்டி இல்லை. அப்புறம் ஒரு பால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. ராமஞ்சேரி தாண்டும்போது உன் அம்மா கை என் கையில் கனத்தது. கனத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பால்காரரிடம் சொல்லவில்லை. அவர் அவ்வளவு வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பிற்பாடு கேள்விப்பட்டேன், நாங்கள் கிளம்பிய அரை மணியில் அந்த ஆம்புலன்ஸ் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டதாம்.

உனக்குப் போன் செய்து சொன்னது ஜெயசீலி. "ஆம்புலன்ஸ் வரலடா தம்பி, பழைய வண்டியும் வழியில நின்னுடுச்சி" என்று அவள் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. யாரென்றே தெரியாத ஒரு டிரைவர், தன் வேலையைச் சரியாகச் செய்தவர், அவர் மேல் பழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நானும் ஒரு டிரைவர் நின்றேன். அந்தப் பழியும் அவர் மேல் நிற்கவில்லை. விமானம் ஓடாத காலம், உன்னால் மண் போடக்கூட வர முடியவில்லை. நீ போனில் அழுதுகொண்டே, "புது வண்டி எடுத்துத் தரேன்னு சொல்லிட்டுத்தான நைனா வந்தேன். எடுத்துக் குடுத்திருந்தா, நான் அங்க இருந்திருந்தா, அம்மா போயிருக்காதே" என்றாய். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். உன் மேல் நீயே போட்டுக்கொண்டதை நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அதற்கப்புறம் விமானம் ஓட ஆரம்பித்தது. நீ வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறேன் என்பாய், நான் சரி என்பேன். உன் கல்யாணத்தையும் போனில்தான் பார்த்தேன். பயணச் செலவு, வேலை, லீவு என்று காரணங்கள் சொல்வாய். எனக்குத் தெரியும், அம்மா இல்லாத அந்தச் சமையல்கட்டு ஜன்னலைப் பார்க்க உனக்குத் தைரியம் இல்லை. கேனை நான் குலுக்கி ஊற்றியது தெரிந்திருந்தால் நீ என் மேல் கோபப்பட்டிருப்பாய். கோபத்தோடாவது வந்திருப்பாய்.

இந்த இடத்தில் ஜெயசீலி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பெரிப்பா, ஆம்புலன்ஸ் வரலன்னு நான் ஏன் சொன்னேன்னு இத்தினி வருசத்துல ஒருவாட்டி கூட கேக்கலியே நீங்க" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். "நீங்க பானெட்டுக்குள்ள தலைய வுட்டுகினு இருந்தப்போ பெரிம்மா எங்கிட்ட சொன்னாங்க. 'பையன் கேட்டான்னா ஆம்புலன்ஸ் வரலன்னு சொல்லிடுடி. டீசல்னு தெரிஞ்சா இவர்கிட்ட பேச மாட்டான். மனுசன் ஒண்டியாயிடுவாரு'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலைமேல கை வச்சாங்க." இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இத்தயும் எழுதட்டா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

எழுந்து போய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே எஞ்சினோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே மூச்சுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் எனக்காக இதை யோசித்திருக்கிறாள். நான் சும்மா கெட என்று சொல்லி அரை மணிகூட ஆகியிருக்காது. கேன் விஷயத்தில் அவள் சொன்னது சரியாக இருந்தது, நான் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் அவள் நினைத்தது தப்பிவிட்டது. நான் ஒண்டியாகக் கூடாது என்று ஒரு பொய்யைச் சொல்லச் சொன்னாள். அந்தப் பொய்யால்தான் ஒண்டியானேன், நீயும் அங்கே ஒண்டியானாய். அதனால் அவள் பேச்சை இன்னொரு முறை மீறுகிறேன். உன் அம்மா சாவுக்கு நீ வாங்காத வண்டி காரணமில்லை. நீ இங்கே இல்லாததும் காரணமில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, தெரிந்தும் குலுக்கி ஊற்றிய நான்தான். இத்தனை வருஷம் உன் தலையில் இருந்ததை இந்தக் காகிதத்தில் நான் வாங்கிக்கொள்கிறேன். கோபம் வந்தால் வரட்டும். என்னை ஏச வேண்டும் என்றால் நேரில் வந்து ஏசு. போனில் ஏசினால் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

ஷெட்டில் இருக்கும் கேனை இந்தக் கடிதம் படித்த கையோடு காலி செய். வண்டியில் ஊற்றாதே, சாக்கடையிலும் ஊற்றாதே, உன் ஊரில் பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் இடம் இருக்கும், அங்கே கொடு. புதிதாகப் பிடித்து வை. உன் வீட்டுக்காரிக்கு நாள் நெருங்கும்போது வலி வரும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்கிக்கொள். ஆம்புலன்ஸ் வருகிறேன் என்று சொன்னால் பொறு. நீ டிரைவர் மகன், பொறுக்க மாட்டாய், அதனால்தான் சொல்கிறேன்.

நான் இப்போதும் ஒரு கேன் வைத்திருக்கிறேன். அதே கேன்தான், சோடா உப்புப் போட்டுக் கழுவி, மூன்று நாள் காயவைத்து எடுத்தது. ஜன்னலடியில் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் இருட்டில் நிற்கிறது. டம்ளர் டம்ளராகச் சேர்ப்பதில்லை. மாதம் பிறந்ததும் அதை வண்டியில் ஊற்றி, கனகம்மாசத்திரம் தாண்டி அந்தப் புளியமரம் வரை ஓட்டிப்போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன். வரும் வழியில் பங்க்கில் கழுத்து வரை பிடித்துக்கொள்கிறேன். பங்க்கில் இருக்கும் பெண், "தாத்தா, ஊருக்கு எங்கனா போறியா? மாசா மாசம் கேனோட வந்துடற" என்று கேட்டது. "போவல, ஆள் வரான்" என்றேன். கோடுகளில் மற்றதெல்லாம் கழுவும்போது உரிந்துவிட்டன. அடிக் கோடு மட்டும் போகவில்லை. ஊற்றும்போது அந்தக் கோடு வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன். அதற்குக் கீழே இருப்பதைத் தனியாக பாட்டிலில் வடித்துப் பார்ப்பேன். இதுவரை தண்ணீர் இல்லை. அந்த டீசலை வாசல் கேட்டின் கீலில் விடுகிறேன், கேட் சத்தமில்லாமல் திறக்கிறது.

பிள்ளை பிறந்து தலை நின்றதும் மூன்று பேருமாக வாருங்கள். எந்த மாதம் வந்தாலும் கேன் புதிதாகத்தான் இருக்கும், நீ எனக்கு முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம், விமானம் ஏறும்போது சொன்னால் போதும். கால் டாக்ஸி பிடித்து வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. ஒன்றே ஒன்று. இருட்டிவிட்டால் எதிர் வண்டி வெளிச்சம் இப்போதெல்லாம் என் கண்ணைக் கட்டிவிடுகிறது. பகலில் இறங்கும் விமானமாகப் பார்த்து வா.

நைனா